ராமநாதபுரம் கடலோரப் பைக் பயணத்துக்கு சிபி ரேடியோ: எந்த செட், எங்கே மாட்டுவது, என்ன பேசுவது

கேள்வி இதுதான். எட்டு பைக்குகள், மூன்று நாள். தொண்டியில் கிளம்பி தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன் வழியாக தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. திரும்பி வந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 40 சேனல் சிபி செட் ஒன்று, அதாவது பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ, கையில் இருக்கிறது. அதை முன் வண்டியில் பொருத்தி, பின் கேரியரில் நீள ஆன்டெனா நட்டால் வழி நெடுகப் பேசிக்கொண்டே போக முடியுமா?

அந்த செட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் பயணத்துக்கு வேண்டியது மூன்றே மூன்று கைச்செட்டுகள்: முன் வண்டிக்கு ஒன்று, நடு வண்டிக்கு ஒன்று, கடைசி வண்டிக்கு ஒன்று. ஒன்றரை கி.மீ. தூரம் தெளிவாகக் கேட்டால் போதும். பணத்தையும் கவனத்தையும் தூரத்தில் செலவழிக்காமல் ஹெட்செட், உப்பு, பேசும் முறை ஆகிய மூன்றில் செலவழியுங்கள். இந்தக் கடற்கரையில் ரேடியோ கைவிடுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

முதலில் சட்டம். இந்தியாவில் சிபி பட்டைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 2005-ல் வந்த விதிப்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மிகாமல், ஆன்டெனா செட்டோடு சேர்ந்தே இருக்கும் கருவிக்குத்தான் விலக்கு. பைக்கில் தனியாக நட்டு, கேபிள் இழுத்து இணைக்கும் ஆன்டெனா இந்த விலக்குக்குள் வராது. அமெரிக்க செட்டின் 40 சேனல்கள் 26.965-ல் தொடங்கி 27.405 வரை போகின்றன. அவற்றில் 1 முதல் 27 வரைதான் நம் எல்லைக்குள் அடங்கும். 27-ஆம் சேனல் 27.275. 28-ஆம் சேனல் 27.285, அங்கேயே கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஆக உங்கள் உறவினர் கொண்டுவந்த செட் இரண்டு வகையில் விதிக்கு வெளியே நிற்கிறது.

இந்த எல்லைக்கு ஒரு காரணம் உண்டு. 27.12 மெகாஹெர்ட்ஸை நடுவில் வைத்துத் தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்கென்று உலகம் முழுக்க ஒதுக்கிய பட்டை இதுதான். பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டும் மெஷினும் பிசியோதெரபியில் உடம்புக்குச் சூடு கொடுக்கும் டயதெர்மி கருவியும் இயங்கும் இடம். பிறருக்கு இடையூறு செய்யக்கூடாது, நமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது என்பது விலக்கின் நிபந்தனை. அதனால் 27.115, 27.125 ஆகிய இரண்டும், அதாவது 13, 14-ஆம் சேனல்கள் வேண்டாம். 9-ஆம் சேனல் பல நாடுகளில் அவசரத்துக்கு ஒதுக்கியது, அதையும் விடுங்கள். 22 அல்லது 25-ஐ முதல் சேனலாகவும் 5-ஐ மாற்று சேனலாகவும் முடிவு செய்து, செட்டின் முதுகில் துணி டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொரு லைசென்ஸ் இல்லாத பட்டை இருக்கிறது: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். அரை வாட் வாக்கி டாக்கிகள் இதில் வருகின்றன. சிபி கைச்செட்டோ, 446 செட்டோ, எதை வாங்கினாலும் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் கருவி ஒப்புதல் எண், அதாவது ஈ.டி.ஏ. எண், பில்லிலோ பெட்டியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். அலைவரிசையை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் 5 வாட் மலிவு செட்டுகள் ஆன்லைனில் தாராளமாக விற்றன. அதைக் கட்டுப்படுத்தத்தான் 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டு நெறிமுறையே கொண்டுவந்தது. அந்த வகை செட்டால் மீனவர்கள் அவசரத்துக்கு அழைக்கும் கடல்வழி வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில்கூடப் போய் விழ முடியும். அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். கரையில் நிற்கும் நீங்கள் அங்கே தெரியாமல் பட்டனை அழுத்தினால், கடலில் ஒரு விசைப்படகு உதவி கேட்கும் நேரத்தில் அதன் குரலை அமுக்கிவிடக்கூடும்.

இந்தக் கடற்கரையில் இது வெறும் விதி மட்டும் இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, அரிச்சல்முனைக்கு அப்பால் சிறிது தூரத்திலேயே சர்வதேச எல்லை. ஆன்டெனா நீட்டிய செட்டோடு வருபவரை நிறுத்திக் கேட்பது போலீஸின் கடமை. பில், ஈ.டி.ஏ. சான்று இரண்டையும் பிரின்ட் எடுத்து மூன்று செட் வைத்திருப்பவர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள். சோதனைச் சாவடியில் செட்டை அணைத்து, கேட்டால் கையில் கொடுத்து, எதற்கு என்று ஒரே வரியில் சொல்லுங்கள். சாட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் கொண்டுவரவே கூடாது.

இப்போது சிபியா, 446-ஆ என்ற கேள்வி. அமெரிக்காவில் சிபி பிழைத்திருப்பதற்குக் காரணம் 19-ஆம் சேனலில் எப்போதும் ஒரு லாரி டிரைவர் காது கொடுத்துக்கொண்டிருப்பது. முன்னால் விபத்து, டிராஃபிக், மழை எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். இங்கே 19-ல் யாரும் இல்லை. நம் லாரிக்காரர்கள் செல்போனில் பேசுகிறார்கள். ஆக இங்கே சிபி என்றால் உங்கள் எட்டுப் பேருக்குள் மட்டும். அப்படிப் பார்க்கும்போது எது வசதியோ அதுதான் நல்ல செட்.

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். ஆன்டெனா முழுத் திறனோடு வேலை செய்ய அதில் கால் பங்கு, ஏறக்குறைய 2.7 மீட்டர் வேண்டும். கைச்செட்டின் ரப்பர் ஆன்டெனாவோ 25, 30 செ.மீ.தான், உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். 4 வாட் செலவானாலும் காற்றில் ஏறுவது அதில் சிறு பங்கு. 446-ல் கால் அலை 17 செ.மீ., கையில் இருக்கும் ஆன்டெனாவின் நீளமே ஏறக்குறைய அதுதான். அதனால்தான் அரை வாட் 446 செட், 4 வாட் சிபி கைச்செட்டுக்கு ஈடு கொடுக்கிறது. பைக்கிலிருந்து பைக்குக்கு, ஓட்டத்தில், நம்பிப் போகக்கூடிய தூரம் இரண்டிலும் 1 முதல் 2 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சடித்த 8, 10 கி.மீ. கணக்கு மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்கு.

சிபி முந்துகிற இடமும் இங்கே உண்டு. சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் அடர்ந்து, ரோடு வளைந்து போகும் இடத்தில் 446 சட்டென்று மங்கும். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். 11 மீட்டர் அலைக்குப் புதர் ஒரு பொருட்டே இல்லை. ஈர உப்புத் தரையும் கடல்நீரும் செங்குத்தான ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் 27 மெகாஹெர்ட்ஸ் அலையை அதிகம் உறிஞ்சாமல் கடத்தும். வாலிநோக்கம் உப்பளப் பக்கமும் தனுஷ்கோடி ரோட்டிலும் இது நன்றாகவே கைகொடுக்கும். ஒரு தொல்லையும் இருக்கிறது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால் நம் தலைக்கு மேலே அயனமண்டலம், அதாவது ரேடியோ அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் வானடுக்கு, பகலில் வலுவாக இருக்கும். சூரியப் புள்ளிகள் அதிகமான ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸில் ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டிய பேச்சு வந்து உங்கள் சேனலில் உட்கார்ந்துகொள்ளும். செட்டில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். மாற்று சேனலுக்குப் போங்கள், அல்லது ஸ்கெல்ச்சை, அதாவது பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் திருகை, கொஞ்சம் ஏற்றுங்கள்.

என் தீர்ப்பு: ஈ.டி.ஏ. எண் உள்ள சிபி கைச்செட் மூன்றும் ஒரே மாடலில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 446 செட்டை வாங்கி நிம்மதியாகப் போங்கள். இரண்டையும் கலக்காதீர்கள், ஒன்றோடொன்று பேசாது. ஒரே சிபி மாடலானாலும் ஒருவர் ஏ.எம்.மிலும் இன்னொருவர் எஃப்.எம்.மிலும் இருந்தால் பேச்சு புரியாது. எஃப்.எம். வசதி மூன்றிலும் இருந்தால் அதுவே நல்லது, இன்ஜின் இரைச்சல் குறைவாக ஏறும். ஹெல்மெட்டில் ஒட்டும் புளூடூத் இன்டர்காம் பக்கத்தில் போகும் இருவர் பேச அருமையானது, கடைசி வண்டியைப் பிடிக்க உதவாது.

எவ்வளவு தூரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் சமாதானமாகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 3 விநாடி இடைவெளி என்றால் ஒரு பைக்குக்கும் அடுத்ததற்கும் 50 மீட்டர். எட்டு பைக்கும் சேர்ந்து 350 மீட்டர். சந்தைக் கூட்டம், ஆட்டு மந்தை இவற்றில் பிரிந்தாலும் ஒரு கி.மீ.க்குள் அடங்கும். ரயில்வே கேட் விழுந்து பாதிப் பேர் ஐந்து நிமிடம் நின்றால் இடைவெளி 5 கி.மீ. ஆகிவிடும், அதை எந்தக் கைச்செட்டும் எட்டாது. அதற்கு ரேடியோவில் மருந்து இல்லை, ஒழுங்கில்தான் இருக்கிறது. கடைசி வண்டியை மூன்று முறை அழைத்து இரண்டு நிமிடத்தில் பதில் இல்லையென்றால், முன் வண்டி அடுத்த பாதுகாப்பான இடத்தில் ரோட்டை விட்டு இறங்கி நிற்க வேண்டும். யாரும் திரும்பிப் போகக் கூடாது. திரும்பிப் போகிறவரும் தேடி வருகிறவரும் ஒருவரையொருவர் கடந்து போய்விடுவார்கள்.

செட்டை எங்கே வைப்பது? டேங்க் பேக்கில் வேண்டாம். இரும்பு டேங்குக்கு ஒரு சாண் தூரத்தில் ரப்பர் ஆன்டெனா படுத்துக் கிடந்தால் அதன் ட்யூனிங் கலையும். படுத்த ஆன்டெனாவும் நின்ற ஆன்டெனாவும் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்காது. ஜாக்கெட்டின் இடது தோள்பட்டையில், நெஞ்சுப் பட்டை கட்டி, ஆன்டெனா நேரே மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். ஆன்டெனா ஹெல்மெட்டில் இடிக்காமல் தலையைத் திருப்பிப் பார்க்க முடிகிறதா என்று நின்றபடியே சோதியுங்கள்.

பேசுவதற்கான பி.டி.டி. பட்டனை இடது கைப்பிடியில், கிளட்சை விடாமல் கட்டைவிரலுக்கு எட்டுமாறு வெல்க்ரோவால் கட்டுங்கள். ஓட்டிக்கொண்டே செட்டைக் கையில் எடுத்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் குற்றம். அதைவிட, பாம்பன் பக்கக் காற்றில் ஒரு கையில் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. பட்டன் வயரை ஹேண்டில்பார் முழுக்க இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். வயர் அறுவது எப்போதும் ஹேண்டில் கழுத்தில்தான், வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு முறிந்திருக்கும். ஹெட்செட்டும் செட்டும் சேரும் இடத்தில் இழுத்தால் கழன்றுவிடும் இணைப்பு கட்டாயம். கீழே விழுந்தால் வயர் உங்களைப் பைக்கோடு கட்டிவைக்கக் கூடாது.

குரல் கேட்டால் தானாக ஆன் ஆகும் வாக்ஸ் வசதியை அணைத்துவிடுங்கள். காற்றும் அதற்குக் குரல்தான். மைக் உதட்டோரத்தில், ஒரு விரல் அகலத்துக்குள், பஞ்சு உறையோடு இருக்கட்டும். முகம் மூடிய ஹெல்மெட் வேண்டும். தாடைக்குக் கீழே காற்று புகும் இடைவெளிக்குத் துணித்திரை போட்டால் குரல் தனியாகத் தெளியும். இரைகிறது என்று கத்தினால் ஒலி உடைந்து இன்னும் புரியாமல் போகும். மெதுவாக, சாதாரணக் குரலில் பேசுவதே நல்லது.

மின்சாரத்தைப் பைக்கிலிருந்து எடுக்காதீர்கள். இது பலருக்கும் விநோதமாகப் படும், கணக்கைப் பாருங்கள். கைச்செட் பேசும்போது ஏறக்குறைய 1.2 ஆம்பியர், காத்திருக்கும்போது 0.12 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் 3 நிமிடம் பேசினால் 60, மீதி நேரத்துக்கு 114, ஆக 174 மில்லியாம்பியர் மணி. 2000 மில்லியாம்பியர் மணி பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு நாள் ஓட்டம் அதற்குள் முடிந்துவிடும். ராத்திரி லாட்ஜில் சார்ஜ் போட்டால் போதும். பைக்கின் 12 வோல்ட்டை மாற்றித் தரும் மலிவு அடாப்டர் உள்ளே வேகமாக ஸ்விட்ச் ஆகிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் 27 மெகாஹெர்ட்ஸில் நேராக வந்து இறங்கும்.

இரைச்சலைக் கண்டுபிடிப்பது எளிது, வரிசையாகப் போக வேண்டும். இன்ஜினை நிறுத்தி செட்டை ஆன் செய்து ஸ்கெல்ச்சை முழுக்கத் திறந்து கேளுங்கள். இதுதான் வெறும் இரைச்சல், இதற்குக் கீழே போக முடியாது. சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். இப்போதே சீறல் கூடினால் குற்றவாளி யு.எஸ்.பி. சார்ஜர் அல்லது கூடுதலாக மாட்டிய எல்.இ.டி. ஃபாக் லைட். ஒன்றொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். டிக் டிக் என்று ஆக்சிலரேட்டரோடு வேகம் கூடினால் அது ஸ்பார்க். பிளக் எண்ணில் ஆர் எழுத்து இருக்கிறதா பாருங்கள், என்.ஜி.கே. பிளக்கில் அது ரெசிஸ்டர் உள்ளதற்கு அடையாளம். பிளக் கேப்பின் இரண்டு முனைக்கும் மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். அழகுக்காக மாட்டிய கலர் ‘ரேசிங்’ கேபிளில் ரெசிஸ்டர் இல்லாமல் இருந்தால் கழற்றிவிட்டுக் கம்பெனி கேபிளைப் போடுங்கள். டிக் சத்தம் இல்லாமல் விசில் மாதிரி ஏறி இறங்கினால் சார்ஜிங் பக்கத்துக் கோளாறு: பேட்டரி டெர்மினல், ரெகுலேட்டரின் எர்த் போல்ட் இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரேடியோ கிடக்கட்டும், ரெகுலேட்டரை மாற்றாமல் கிளம்பாதீர்கள். கடைசியாக 4000 ஆர்.பி.எம்.மில் வைத்து ஸ்கெல்ச்சை அமையுங்கள். ஐடிலில் அமைத்தால் ரோட்டில் ஏறியதும் கரகரவென்று திறந்துகொள்ளும்.

பைக்கில் குறையே இல்லாமல் காலையில் மட்டும், சில இடங்களில் மட்டும் கரகரவென்று பொரிகிற சத்தம் வந்தால் மேலே மின்கம்பியைப் பாருங்கள். உப்புப் படிந்த இன்சுலேட்டர் பனி ஈரத்தில் பொறி விடும். வெயில் ஏறினால் நின்றுவிடும்.

உப்புக்கு வருகிறேன், இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். பாம்பன் பக்கம் காற்றில் உப்பு எவ்வளவு என்று அங்கே ரயில் பாலத்தின் இரும்பைப் பராமரித்தவர்களைக் கேட்டால் தெரியும். உப்பு காய்ந்திருக்கும்போது கெடுதல் செய்வதில்லை. ராத்திரி ஈரத்தைக் குடித்து நீராகும்போதுதான் வேலையைக் காட்டும். ஹெட்செட்டின் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பான தண்டில் கறுப்பு வளையங்கள் இருக்கும், ஒரு தொடர்பையும் அடுத்ததையும் பிரிக்கும் பிளாஸ்டிக். இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பிறகு அந்த வளையத்தின் ஓரத்தில் வெள்ளையாக மெல்லிய பொருக்கும், அதற்கடியில் பச்சைக் களிம்பும் தெரியும். அந்தப் பொருக்கு ஈரமானால் வளையத்தின் மேலேயே மின்சாரம் கசிந்து, யாரோ பட்டனை அழுத்தியிருப்பதாக செட் ஏமாறும். விளைவு: ஒரு பைக் விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், மற்றவர்களுக்குக் காற்றிரைச்சல் மட்டும் கேட்கும், யாரும் பேச முடியாது, பேட்டரியும் இரண்டு மணி நேரத்துக்குள் தீரும். காலை ஆறு மணிக்கு இருந்த கோளாறு ஒன்பது மணிக்கு வெயிலில் காய்ந்து மறைந்துவிடுவதால் மெக்கானிக்கிடம் காட்டும்போது நன்றாக இருக்கும்.

தடுப்பது பத்து நிமிட வேலை. தினமும் ராத்திரி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் செட்டையும் ஆன்டெனாவையும் வயரையும் துடையுங்கள். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான், ஆல்கஹால் அல்ல. காய்ந்த பிறகு பிளக்கையும் செட்டின் துளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, சிலிக்கான் கிரீஸை ஒரு கடுகளவு தடவிச் செருகுங்கள். அதற்கு மேல் தடவினால் மணலைப் பிடித்து வைக்கும். பேட்டரி முனையிலும் அவ்வளவே. இணைப்பின் வெளிப்புறத்துக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப். எலெக்ட்ரீஷியன்கள் சுற்றும் கறுப்பு டேப்பின் பசை இந்த வெயிலில் உருகி, பிளக்கோடு கலந்து, உப்பைவிடப் பெரிய தலைவலி கொடுக்கும். செட்டை பாலித்தீன் பையில் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே வியர்த்து அதே ஈரம் சேரும்.

நடுவில் ஓர் ஓட்டம் அரிச்சல்முனைக்கு. 2017-ல் திறந்த அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் கடல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை ரோட்டின் குறுக்கே மெல்லிய திட்டாக இழுத்துப் போடும். முன் வண்டியின் ரேடியோவுக்கு இந்தப் பயணத்திலேயே மிக முக்கியமான வேலை இங்கேதான்: ‘மணல், ரோடு முழுக்க, இருபதில் வா’. அவ்வளவு போதும். பாம்பன் சாலைப் பாலம் இரண்டேகால் கி.மீ.க்கு மேல், நடுவில் உயர்கிறது, பக்கக் காற்று அங்கே அறையும், போட்டோவுக்கு நிற்கும் கார்கள் வேறு. பாலத்துக்கு முன்பே மண்டபத்தில் எட்டுப் பேரும் கூடி, ‘பாலத்தில் யாரும் நிற்கக் கூடாது’ என்று நேரில் பேசிவிட்டு, பாலத்தின் மேல் ரேடியோவைத் தொடாமல் போங்கள். உச்சிப்புளிப் பக்கமும் தேவையில்லாத பேச்சு வேண்டாம்.

பேச்சைப் பற்றி அமெரிக்க சிபி கையேடுகள் சொல்வது நமக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் நாம் தமிழில் பேசுகிறோம். பட்டனை அழுத்தி செட் ஒலிபரப்பத் தொடங்க ஒரு கணம் ஆகும். எல்லாரும் அழுத்தியவுடனே பேசுவதால் முதல் அசை போய்விடும். ‘இடது’ என்றாலும் ‘வலது’ என்றாலும் மற்றவர் காதில் விழுவது ‘...து’ மட்டும். ‘ஒண்ணு’வும் ‘மூணு’வும் இதே கதை. ‘ரைட்’ இன்னும் மோசம்: நம் பஸ் கண்டக்டர் ‘ரைட், ரைட்’ என்றால் கிளம்பு என்று அர்த்தம், வலப்பக்கம் திரும்பு என்றல்ல. வளைவில் அந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ‘லெஃப்ட்’, ‘சோத்தாங்கை’ என்று ஒலியிலேயே ஒட்டாத இரண்டு சொற்களை வையுங்கள். ‘கடல் பக்கம், கரைப் பக்கம்’ என்று சொல்லலாமே என்று தோன்றும். தொண்டியிலிருந்து தெற்கே வரும்போது அது அழகாகப் பொருந்தும், தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் அங்கே கவிழ்த்துவிடும்.

பைக்குகளுக்கு எண் வேண்டாம், ஆள் பெயரே போதும். அழைக்கும் பெயர் முதலில், இரண்டு முறை, பிறகு செய்தி, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘முத்து, முத்து, எதிரே கரி லாரி, லெஃப்ட் ஒதுங்கு.’ ‘கரி லாரி, லெஃப்ட் ஒதுங்கறேன்.’ சீமைக்கருவேலங்கரி ஏற்றிய லாரி சாயல்குடிப் பக்கம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வரும், இந்தத் தகவலுக்கு வேலை இருக்கும். ‘அண்ணே கேக்குதா, கேக்குதா அண்ணே’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒரு முறை முன் வண்டி கேட்கட்டும், நடு வண்டி சொல்லட்டும், கடைசி வண்டி சொல்லட்டும். கடைசியின் குரல் முன்னுக்கு எட்டாவிட்டால் நடு வண்டி வாங்கிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மூன்றாவது செட். ஏ.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் விசில்தான் கேட்கும். விசில் கேட்டால் எல்லாரும் விடுங்கள், முன் வண்டி முதலில் பேசும் என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை.

‘நிப்பாட்டு’ என்ற சொல்லை ஆபத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். டீக்கு நிற்க வேண்டுமென்றால் ‘டீ’ என்று சொல்லுங்கள். விபத்து என்றால் ரேடியோவில் சொல்ல வேண்டியது இடம், எத்தனை பேர், யார் போன் செய்கிறார் என்ற மூன்றுதான். 108-ஐ அழைக்கப் போன்தான் வேண்டும்; கடலில் யாராவது தத்தளிப்பதைப் பார்த்தால் 1093 அல்லது கடலோரக் காவல்படையின் 1554.

நீள ஆன்டெனா ஆசை போகவில்லை என்றால் அதற்கும் முறையான வழி இருக்கிறது: அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ். 12 வயது நிரம்பிய எவரும் வயர்லெஸ் பிரிவின் தேர்வை எழுதலாம். பேசும் ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கால் அலை ஆன்டெனா 50 செ.மீ.தான், பைக்குக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். கேரியரில் 30 செ.மீ. சதுர அலுமினியத் தகடு போட்டு, நடுவில் ஆன்டெனாவை நட்டு, தகட்டைச் சேஸிஸோடு பட்டைக் கம்பியால் இணையுங்கள். பேட்டரியிலிருந்து நேரடி வயர், முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் பட்டையின் கீழ்முனை, நடு, மேல்முனை மூன்றிலும் அளக்க வேண்டும். கீழ்முனையில் அதிகமாக இருந்தால் ஆன்டெனா குட்டை, மேல்முனையில் அதிகமாக இருந்தால் நீளம். 1.5-க்குள் வந்தால் நல்லது, 2 வரை பரவாயில்லை. 3-ஐத் தாண்டினால் பேசவே கூடாது, அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். ஈரத்தில் மட்டும் அளவு ஏறினால் கேபிள் முனையில் உப்புநீர் புகுந்திருக்கிறது. அந்தக் கேபிளைத் துடைத்துப் பயனில்லை, ஒரு சாண் வெட்டியெறிந்து புதிதாக முனை போடுங்கள்.

கிளம்பும் முந்தின நாள் ஒரு சோதனை. ஒருவர் பட்டணம்காத்தான் சந்திப்பில் நிற்கட்டும், இன்னொருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் போய், ஓடோமீட்டரில் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் அழைக்கட்டும். எந்த இடத்தில் திருப்பிச் சொல்வது தடுமாறுகிறதோ அதில் பாதிதான் உங்கள் குழுவின் அதிகபட்ச இடைவெளி. தனுஷ்கோடியில் போனுக்கு இலங்கை நெட்வொர்க் பிடித்து ரோமிங் ஏறிவிடக்கூடும். ராமேஸ்வரத்திலேயே போன் செட்டிங்கில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். அரிச்சல்முனையில் மாலைக்கு மேல் ஆட்களை விடுவதில்லை. பகல் வெளிச்சம் இருக்கும்போதே கடைசி வண்டி ‘எல்லாரும் ஏறியாச்சு’ என்று சொன்ன பிறகு முன் வண்டி நகரட்டும்.